பாங்காக்கில் நமக்கு யாரைத் தெரியும்?

வணக்கம் சார்,

கணவரின் வேலை மாற்றத்தால் கோயம்புத்தூரிலிருந்து பாங்காக் வந்து மூன்று வருடம் முடியப்போகிறது. ஆன் நட் பக்கம் ஒரு கான்டோவில் (அடுக்குமாடி வீட்டில்) இருக்கிறோம். மகன் இன்டர்நேஷனல் ஸ்கூலில் நான்காவது படிக்கிறான். நீங்கள் எழுதுகிற பாங்காக்கும் நான் வாழ்கிற பாங்காக்கும் ஒரே ஊர்தானா என்று எனக்குச் சந்தேகம். இங்கே எல்லோரும் சிரிக்கிறார்கள், யாரும் நெருங்குவதில்லை. எதிர் வீட்டுப் பெண்ணை லிஃப்டில் தினமும் பார்க்கிறேன். ஒருநாள்கூட வீட்டுக்கு வா என்று சொன்னதில்லை, நான் கூப்பிட்டும் வரவில்லை. தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை, ஜாமீனில் வந்தவர்கள் கையெழுத்துப் போடுவது போல, இன்னும் இதே விலாசத்தில்தான் இருக்கிறோம் என்று இமிகிரேஷனில் சொல்ல வேண்டியிருக்கிறது. காவோ யாய் தேசியப் பூங்காவுக்குப் போனால் நுழைவுக் கட்டணம் அவர்களுக்கு 40 பாட், நமக்கு 400. வெள்ளைக்காரர்களுக்குக் கிடைக்கிற மரியாதையும் நமக்கு இல்லை. டிபென்டென்ட் விசா என்பதால் எனக்கு வேலைக்குப் போகவும் வழியில்லை. "நம்ம ஊருக்கு எப்போ போவோம்?" என்று மகன் கேட்கிறான். இந்த ஊர் எங்களை ஏற்றுக்கொள்ளவே செய்யாதா? இல்லை, நாங்கள்தான் எதையாவது செய்யாமல் விடுகிறோமா?

எஸ்., பாங்காக்

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தில் இரண்டு வருத்தங்கள் ஒன்றாகப் பின்னிக்கிடக்கின்றன. இந்த நாட்டின் அரசாங்கம் உங்களை நடத்தும் விதம் ஒன்று, உங்கள் சோயில், அதாவது சந்தில், வசிப்பவர்கள் நடத்தும் விதம் இன்னொன்று. இமிகிரேஷன் கவுன்டரில் பட்ட எரிச்சலோடு வந்து லிஃப்டில் ஏறினால் எதிர் வீட்டுப் பெண்ணின் சிரிப்பும் பொய்யாகத்தான் தெரியும். அதனால் முதலில் இரண்டையும் பிரித்துவைத்துவிடுவோம்.

அரசாங்கத்தைப் பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன்: அது உங்களை ஏற்றுக்கொள்ளாது. வெளிநாட்டவர் இங்கே தற்காலிகமாக இருப்பவர் என்ற நினைப்பிலேயே எழுதப்பட்டது 1979-ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம். தொண்ணூறு நாள் அறிக்கையும் அதிலிருந்து வருவதுதான், வெளிநாட்டவர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் வீட்டு உரிமையாளர் தகவல் சொல்ல வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். நிலம் உங்கள் பெயரில் வாங்க முடியாது. கான்டோ வாங்கலாம், ஆனால் ஒரு கட்டடத்தின் மொத்தப் பரப்பில் 49 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டவர் கையில் இருக்கக் கூடாது. நம்மைப் போலத் தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு இங்கேயே குழந்தை பிறந்தாலும் குடியுரிமை வந்துவிடாது. நிரந்தர வசிப்புரிமை ஒரு நாட்டுக்காரர்களில் வருடத்துக்கு நூறு பேருக்குத்தான், அதிலும் மூன்று வருடம் தொடர்ச்சியாக விசா இருக்க வேண்டும், தாய்லாந்து மொழியில் நேர்காணல் உண்டு, கிடைத்தால் கட்ட வேண்டிய தொகை 1,91,400 பாட்.

இதில் எதுவும் உங்களைப் பார்த்து, உங்களை மனதில் வைத்துச் செய்ததில்லை. கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண் காலையிலிருந்து நூற்றுக்கணக்கான பாஸ்போர்ட்டுகளைப் பார்த்துவிட்டு உங்களுடையதில் அடுத்த தேதி போட்ட சீட்டை ஸ்டேப்ளர் அடிக்கிறார், அவ்வளவுதான். கெடு தேதிக்குப் பதினைந்து நாள் முன்னாலிருந்து ஏழு நாள் பின்னால் வரை அறிக்கை கொடுக்கலாம், முதல் தடவைக்குப் பிறகு ஆன்லைனிலும் முடியும், தவறவிட்டால் 2,000 பாட் அபராதம். ஊருக்குப் போவதற்கு முன்னால் திரும்பி வருவதற்கான ரீஎன்ட்ரி பெர்மிட் இருக்கிறதா என்று பாருங்கள், அது இல்லாமல் விமானம் ஏறினால் விசாவின் வருட நீட்டிப்பே காலாவதியாகிவிடும். இதையெல்லாம் காலண்டரில் குறித்துவைத்துவிட்டு மனதிலிருந்து இறக்கிவிடுங்கள்.

வெள்ளைக்காரர்களுக்கு மரியாதை அதிகம் என்கிறீர்கள். உண்மைதான், அது மனிதர்களின் பார்வையில் மட்டுமில்லை, காகிதத்திலேயே இருக்கிறது. வேலை அடிப்படையில் விசாவை நீட்டிக்க என்ன சம்பளம் காட்ட வேண்டும் என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு. அமெரிக்கா, ஜப்பான், மேற்கு ஐரோப்பா என்றால் மாதம் 50,000 பாட், கொரியா, சிங்கப்பூருக்கு 45,000, இந்தியா உள்ளிட்ட பல ஆசிய நாடுகளுக்கு 35,000, மியன்மார், லாவோஸ், கம்போடியா, வியட்நாமுக்கு 25,000. ஒரே அலுவலகத்தில் ஒரே வேலை பார்க்கிறவர்களாக இருந்தாலும் பாஸ்போர்ட்டைப் பார்த்துத்தான் தொகை. இது எனக்கு ஒப்புக்கொள்ள முடியாத விஷயம், எத்தனை வருடம் இங்கே இருந்தாலும் ஒப்புக்கொள்ளப் போவதுமில்லை.

ஆனால் அந்தப் பட்டியலைக் கீழே வரை படியுங்கள். உங்கள் கான்டோவில் தரை துடைக்கும் பெண்களில் யாராவது கன்னத்தில் வெளிர் மஞ்சளாகச் சந்தனம் போல ஒன்று பூசியிருப்பார், அது 'தனக்கா' என்ற மரப்பட்டைப் பூச்சு, அவர் மியன்மார்க்காரர். இந்த நாட்டில் வெளிநாட்டவர் என்றால் எண்ணிக்கையில் முதலில் அவர்கள்தான், நீங்களோ நானோ அந்த வெள்ளைக்காரரோ இல்லை. மீன், இறால் பதப்படுத்தும் தொழில், கட்டுமானம், வீட்டு வேலை என்று எல்லாம் அவர்கள் கையில் நடக்கிறது. 2020 டிசம்பரில் பாங்காக்கை ஒட்டிய சமுத் சாகோனின் இறால் சந்தையில் கொரோனா பரவியபோது அந்தத் தொழிலாளர்களை அவர்கள் தங்கியிருந்த இடத்திலேயே முள்கம்பி போட்டு அடைத்தார்கள். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் சதுசாக் பக்கம் கட்டிக்கொண்டிருந்த அரசுக் கட்டடம் சரிந்தபோது இடிபாடுகளுக்குள் சிக்கியவர்களில் அவர்களும் இருந்தார்கள். உங்கள் வருத்தத்தைச் சின்னதாக்க இதைச் சொல்லவில்லை. மரியாதை நமக்கு ஏன் குறைவு என்று மேலே பார்த்துக் கேட்கும்போது, நமக்குக் கீழே வைக்கப்பட்டிருப்பவரை லிஃப்டில் நாம் எப்படிப் பார்க்கிறோம் என்பதும் அதே கேள்விதான். அந்தப் பெண்ணிடம் இதுவரை பேசியிருக்கிறீர்களா?

சரி, எதிர் வீட்டுக்கு வருவோம்.

வீட்டுக்குக் கூப்பிடுவதை நட்பின் அளவுகோலாக வைத்திருக்கிறீர்கள். நம்மூரில் அது சரி. பாங்காக்கில் நெருங்கிய சிநேகிதிகள்கூட வெளியில்தான் சந்திப்பார்கள், சேர்ந்து சாப்பிடுவதும் கடையில்தான். நிறையப் பேர் இருப்பது சமையலறைகூட இல்லாத ஒற்றை அறையில். இன்னொன்று, உங்கள் சோயில் ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட பைக் டாக்ஸிக்காரரையும் சோம்தம் (பப்பாளிக்காய் சாலட்) இடிக்கிற அம்மாவையும் எந்த ஊர் என்று கேட்டுப்பாருங்கள். உபோன், சுரின், ரோய் எட் என்று வடகிழக்குப் பக்கத்து ஊர்ப் பெயர்கள்தான் வரும். வீட்டுப் பதிவும் ஓட்டும் அங்கேதான் இருக்கும், சோங்க்ரான் என்கிற இந்த ஊர்ப் புத்தாண்டுக்கு அத்தனை பேரும் பஸ் ஏறிவிடுவார்கள், ஏப்ரல் 13-இலிருந்து சில நாள் பாங்காக் தெருக்கள் எப்படிக் காலியாகின்றன என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். உங்களைச் சுற்றி இருப்பவர்களில் பெரும்பகுதி இந்த ஊருக்குப் பிழைக்க வந்தவர்கள். ஊர் ஞாபகம் அவர்களுக்கும் உண்டு. அதைக் கேட்டு யாராவது பேச ஆரம்பித்தால் மகிழ்ச்சியாகப் பதில் சொல்வார்கள்.

அப்புறம், அடுத்தவருக்குச் சிரமம் கொடுத்துவிடக் கூடாது என்ற எண்ணம் இங்கே மிக ஆழமானது. நீங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டதும் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே தள்ளிப்போட்டிருப்பார். ஒரு வெளிநாட்டுக்காரம்மா நமக்காகச் சமைத்துக் கஷ்டப்பட வேண்டுமா என்றுகூட நினைத்திருக்கலாம். அன்பு காட்டுவதும் அப்படித்தான் நடக்கும், தொந்தரவு தராமல், சத்தமில்லாமல். எங்கள் சோயில் கஞ்சிக் கடை வைத்திருக்கும் பெரியம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். நான் காய்ச்சலில் கிடந்து சில நாள் கடைப்பக்கம் போகவில்லை. ஒரு காலை கதவைத் திறந்தால் கேட் கம்பியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்குகிறது. இங்கே பார்சல் கட்டும் விதம் உங்களுக்குத் தெரியும், காற்றோடு சேர்த்துப் பையை உப்பலாகப் பிடித்து ரப்பர் பேண்டைச் சுற்றி ஒரு இழுப்பில் கட்டிவிடுவார்கள். உள்ளே சூடான அரிசிக் கஞ்சி, பன்றி இறைச்சி இல்லாமல், இஞ்சி மட்டும் மெல்லிசாக நறுக்கிப் போட்டு. நான் இறைச்சி சாப்பிடாதது அவருக்குத் தெரியும். காலிங் பெல் அடிக்கவில்லை. பிறகு நான் கடைக்குப் போய்க் காசு கொடுத்தபோது கையை ஆட்டி வேண்டாம் என்றுவிட்டு அடுத்தவருக்குக் கஞ்சி ஊற்றப் போய்விட்டார். அவர் வீட்டுக்குள் நான் போனதில்லை, என் வீட்டுக்குள் அவர் வந்ததில்லை. இந்த ஊரில் எனக்கு மிக நெருங்கிய மனிதர்களில் அவர் ஒருவர்.

நீங்கள் செய்யாமல் விட்டது ஒன்று இருக்கிறது, கேட்டதால் சொல்கிறேன். மூன்று வருடமாக ஆங்கிலம் பேசுகிற தாய்லாந்துக்குள்ளேயே இருக்கிறீர்கள்: கான்டோ, மால், இன்டர்நேஷனல் ஸ்கூல், நம்மவர்களின் வாட்ஸ்ஆப் குழு. இந்த மொழியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பேசுவதற்கு முன்னால் எழுத்தைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன், தமிழர்களிடம் கூடுதலாகச் சொல்வேன். இந்த எழுத்து கெமர் எழுத்து வழியாகப் பல்லவர் எழுத்திலிருந்து வந்தது, நாம் 'கெ', 'கே', 'கை' எழுதும்போது கொம்பை முன்னால் போட்டுவிட்டு மெய்யைப் பின்னால் எழுதுகிறோம் இல்லையா, அதே பழக்கம் இங்கேயும் உண்டு. ஐரோப்பியர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடத்தில் உங்களுக்குக் கை தானாக ஓடும். குறில் நெடில் வேறுபாடும் நமக்குப் பழகியது. கஷ்டப்படப் போவது ஐந்து தொனிகளிலும், நம்மிடம் இல்லாத மூச்சொலிகளிலும்தான். 44 மெய்யெழுத்து என்று பயப்பட வேண்டாம், பல எழுத்துகளுக்கு ஒரே ஒலி.

படிக்கத் தெரிந்தால் என்ன மாறும் என்றால், காவோ யாய் வாசலில் அந்த 40 பாட்டைத் தாய்லாந்து எண்களில் எழுதியிருப்பதையும் 400-ஐ நமக்குத் தெரிந்த எண்களில் எழுதியிருப்பதையும் அங்கேயே நின்று படிப்பீர்கள். கோபம் போகாது, போகவும் வேண்டாம். ஆனால் உங்கள் சோயின் பலகைகளை, கடைக்காரர் கையால் எழுதி ஒட்டிய இன்றைய குழம்பு என்ன என்ற தாளை, அக்டோபரில் சைவ உணவுப் பண்டிகை தொடங்கும்போது மஞ்சள் கொடிக்குப் பக்கத்தில் எழுதியிருப்பதை எல்லாம் படிப்பீர்கள். மீன் சாஸ் போடவில்லையே என்று அவர்கள் மொழியிலேயே கேட்பீர்கள். கடைக்கார அம்மா நிமிர்ந்து பார்ப்பார். அன்றிலிருந்து உங்களுக்கு அந்தக் கடை வேறு கடை.

நம்மவர்கள் சிலர் இங்கே வந்ததும் திருவெம்பாவை இந்த நாட்டு அரண்மனைச் சடங்கில் ஓதப்படுகிறது, சிலோம் மாரியம்மன் கோவிலைக் கட்டியது நம்மவர்கள் என்று சொல்லிப் பெருமைப்படுவார்கள். உண்மைதான், ஆனால் அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரரோடு ஒரு வார்த்தை பேச முடியாது. அதைவிட வெள்ளிக்கிழமை அந்தக் கோவில் வரிசையில் போய் நில்லுங்கள். முன்னும் பின்னும் நிற்பவர்கள் தாய்லாந்துக்காரர்களும் சீன வம்சாவளியினருமாகத்தான் இருப்பார்கள், பூத்தட்டோடு. இந்த ஊரில் உங்களிடம் அவர்களே வந்து ஏதாவது கேட்கக்கூடிய இடம் அது.

வேலை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை மட்டும். டிபென்டென்ட் விசாவில் இருந்துகொண்டு வீட்டிலிருந்தே சமைத்து விற்பது, டியூஷன் எடுப்பது எல்லாம் வொர்க் பெர்மிட் இல்லாத வேலைதான், யாராவது செய்கிறார்கள் என்று நீங்களும் இறங்க வேண்டாம். அரச குடும்பத்தைப் பற்றி வாட்ஸ்ஆப்பில்கூட எதுவும் எழுத வேண்டாம், குற்றவியல் சட்டத்தின் 112-ஆவது பிரிவில் ஒரு குற்றச்சாட்டுக்கு மூன்று முதல் பதினைந்து வருடம் வரை சிறை.

மகனைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்லத் தோன்றுகிறது. அவன் 'நம்ம ஊர்' என்று கேட்பது கோயம்புத்தூரையா, அல்லது எதுவோ ஒரு ஊர் தனக்கென்று வேண்டும் என்றா? ஆறு வயதில் வந்த பிள்ளைக்கு இந்த மூன்று வருடம் வாழ்க்கையில் மூன்றில் ஒரு பங்கு. அவனைப் பள்ளி வேனுக்கும் கான்டோ நீச்சல் குளத்துக்கும் நடுவில் மட்டும் வளர்க்காதீர்கள். மாலையில் பென்ஜகிட்டி பூங்காவுக்குக் கூட்டிப்போங்கள். ஆறு மணிக்குத் தேசிய கீதம் ஒலிக்கும்போது ஓடிக்கொண்டிருப்பவர்கள் எல்லாம் அப்படியே நிற்பார்கள், அவனும் நிற்கட்டும். சோங்க்ரான் விடுமுறைக்கு ஒவ்வொரு வருடமும் கோயம்புத்தூருக்கு டிக்கெட் போடாமல் ஒரு வருடமாவது இங்கேயே இருங்கள். நம் சித்திரைப் பிறப்பும் அந்த நாட்களில்தானே வருகிறது. காலையில் வீட்டில் பாயசம் வைத்துவிட்டு, மதியம் சோயில் இருக்கிற பெரியவர்களின் உள்ளங்கையில் வாசனைத் தண்ணீர் ஊற்றி அவன் ஆசி வாங்கட்டும். தெருவில் இறங்கினால் மற்ற பிள்ளைகள் அவனை நனைத்துவிடுவார்கள், அதற்கு மொழி வேண்டியதில்லை.

இருப்பதா, திரும்புவதா என்று நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அதுதான் இருக்கிறது. இப்போதே முடிவு செய்ய வேண்டாம். அதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். தாய்லாந்துக்காரர்களுக்கு நீல நிற வீட்டுப் பதிவுப் புத்தகம் இருப்பது போல, வெளிநாட்டவருக்கு மஞ்சள் புத்தகம் உண்டு, அதோடு இளஞ்சிவப்பு அடையாள அட்டையும் கிடைக்கும். பாஸ்போர்ட்டை மொழிபெயர்த்துச் சான்று வாங்க வேண்டும், வாடகை வீடு என்பதால் உரிமையாளரும் சம்மதிக்க வேண்டும், வட்டார அலுவலகத்துக்கு அலுவலகம் விதி கொஞ்சம் மாறும், நாலைந்து தடவை அலைய நேரலாம். கிடைத்துவிட்டால் விலாசச் சான்றுக்காக ஓட வேண்டியதில்லை, சில இடங்களில் உள்ளூர்க் கட்டணமும் கிடைக்கும். பல அலுவலகங்களில் உங்களைத் தெரியும் என்று சொல்ல இரண்டு தாய்லாந்துச் சாட்சிகளை நேரில் கூட்டிவரச் சொல்வார்கள். கணவரின் கம்பெனி ஆட்களை அனுப்பினாலும் வேலை நடந்துவிடும், ஆனால் நீங்கள் உங்கள் சோயிலிருந்தே இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். இன்றைக்கு யாரைக் கேட்பீர்கள் என்று யோசித்துப்பாருங்கள். யாரும் இல்லை என்றால் ஒரு வருடம் எடுத்துக்கொள்ளுங்கள். கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள்.