ஒரே சாக்ஸபோனா, கை நிறையக் கருவிகளா?

கேள்வி: சில வருடங்களாக ஆல்டோ சாக்ஸபோன் வாசிக்கிறேன். கூட வாசிக்கும் நண்பர், கிளாரினெட்டும் ஃப்ளூட்டும் தெரியாவிட்டால் யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று பயமுறுத்துகிறார். ஆசிரியரோ, இதை ஒழுங்காக வாசி, மற்றதெல்லாம் அப்புறம் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு ஆசிரியர் பேச்சை. நண்பர் சொல்வதும் பொய்யில்லை, ஆனால் அவர் சொல்வது ஒரு குறிப்பிட்ட வேலைக்குத்தான் பொருந்தும். பிராட்வே போன்ற இசை நாடக மேடைகளில் ரீட் (ஊதும்போது அதிரும் மெல்லிய தகடு) கருவிகள் வாசிப்பவர் முன்னால் வைக்கும் ஒரே நோட்டுப் புத்தகத்தில் சாக்ஸபோன், கிளாரினெட், ஃப்ளூட் எல்லாம் மாறி மாறி வரும், ஒன்றைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கச் சில விநாடிதான் கிடைக்கும். அங்கே ஒரு கருவி மட்டும் தெரிந்தவருக்கு இடமே இல்லை. ஜாஸ் சிறு குழுவிலோ தனிக் கச்சேரியிலோ கதை வேறு, அங்கே உங்களைக் கூப்பிடுவது உங்கள் நாதத்துக்காக. எனவே எங்கே உட்கார்ந்து வாசிக்க ஆசை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

கிளாரினெட்டைச் சாக்ஸபோனின் தம்பி என்று நினைத்து எடுப்பவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள். சாக்ஸபோனின் குழாய் கூம்பு வடிவம், ஆக்டேவ் கீயை அழுத்தினால் அதே விரல்களில் அதே சுரம் மேல் ஸ்தாயியில் வரும். கிளாரினெட்டின் குழாய் பெரும்பகுதி நேரான உருளை, அதனால் ரெஜிஸ்டர் கீயை அழுத்தினால் ஒரு ஸ்தாயியோடு நிற்காமல் அதற்கும் மேலே ஐந்தாவது சுரத்துக்குத் தாவிவிடும், அதாவது கீழே ஒரு சுரம் தந்த விரல்கள் மேலே வேறு சுரம் தரும். போதாததற்குத் துளைகளை விரல் நுனியால் நேரடியாக மூட வேண்டும், ஒரு விரல் கொஞ்சம் விலகினாலும் கீச்சென்று கத்தும்.

விரலாவது பழகிவிடும், வாய்தான் பெரிய பிரச்சினை. ஆல்டோவின் வாயில் வைக்கும் பாகமான மவுத்பீஸைத் தனியாகக் கழற்றி ஊதினால் பியானோவின் ஏ சுரத்தை ஒட்டி வர வேண்டும் என்பது ஆசிரியர்கள் சொல்லும் பழைய கணக்கு. கிளாரினெட்டில் மவுத்பீஸோடு அதற்கு அடுத்த சிறு குழாய்த் துண்டான பேரலையும் சேர்த்து ஊதினால் எஃப் ஷார்ப். இந்த இரண்டையும் ஊதிப் பார்த்தாலே வாயின் பிடிப்பு எவ்வளவு மாறுகிறது என்று புரிந்துவிடும். சாக்ஸபோனின் தளர்ந்த வாயோடு கிளாரினெட் ஊதினால் சத்தம் தொய்ந்து சுருதி இறங்கும், கிளாரினெட்டின் இறுக்கத்தோடு சாக்ஸபோனுக்குத் திரும்பினால் நாதம் மெலிந்து சுருதி ஏறும். உங்கள் ஆல்டோ நாதம் இன்னும் உறுதிப்படவில்லை என்றால் இந்தப் போக்குவரத்தில் இரண்டும் கெட்டுப்போகும். ஆசிரியர் பயப்படுவது இதற்காகத்தான் இருக்கும்.

ஃப்ளூட் விரல் அளவில் சாக்ஸபோனுக்கு ரொம்ப நெருக்கம். ஆனால் ரீட் கிடையாது, காற்றில் ஒரு பகுதி துளைக்கு வெளியே போய்விடும், ஆரம்பத்தில் தலை சுற்றினால் கொஞ்சம் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

பல கருவி வாசித்தால் தனி முத்திரை வராது என்பதையும் நம்ப வேண்டாம். ஜாஸ் கலைஞர் எரிக் டால்ஃபி ஆல்டோ, ஃப்ளூட், பேஸ் கிளாரினெட் மூன்றிலும் அவராகவேதான் கேட்பார். இன்னொரு ஜாஸ் கலைஞர் ஜானி ஹாட்ஜஸ் 1940-க்குப் பிறகு ஆல்டோவைவிடச் சிறிய சொப்ரானோ சாக்ஸபோனை ஒதுக்கிவிட்டு ஆல்டோவோடு இருந்தார், அவருக்கும் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

கேள்வி: ஆல்டோவிலிருந்து அதைவிடப் பெரிய டெனர் சாக்ஸபோனுக்கு மாறுவதும் இவ்வளவு கஷ்டமா?

பதில்: இல்லை. விரல் வைப்பு ஒன்றே, எழுதும் முறையும் ஒன்றே, நோட்டில் ஸி என்று இருப்பதை வாசித்தால் ஆல்டோவில் இ ஃப்ளாட், டெனரில் பி ஃப்ளாட் என்று ஒலிக்கும் சுரம்தான் மாறும். டெனருக்குக் காற்று அதிகம் வேண்டும், வாய் இன்னும் தளர வேண்டும். சொப்ரானோவில் மட்டும் ஜாக்கிரதை, வாய் கொஞ்சம் அசைந்தாலே சுருதி ஓடிவிடும். 1960-ல் ஜாஸ் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் சொப்ரானோவில் பதிவு செய்தபோது டெனரில் ஏற்கெனவே பெரிய பெயர் என்பதை மறந்துவிட்டு, கோல்ட்ரேனே இரண்டு வாசித்தாரே என்று சொல்கிறார்கள்.

கேள்வி: தினம் ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது. மூன்று கருவிக்கு எப்படிப் பிரிப்பது?

பதில்: ஒரு மணி நேரத்தில் மூன்று வேண்டாம், இரண்டு போதும். ஃப்ளூட் என்றால் அதை முதல் கால் மணி நேரத்தில் முடித்துவிடுங்கள், ரீட் ஊதிக் களைத்த உதட்டில் ஃப்ளூட் சரியாகப் பேசாது. மிச்ச நேரம் முழுவதும் சாக்ஸபோனுக்கு. கிளாரினெட் என்றால் சில மாதங்களாவது அதற்கென ஒரு ஆசிரியரிடம் போங்கள், சாக்ஸபோன் பழக்கத்தை வைத்து நீங்களே ஊதிக் கற்றால் தப்பான பிடிப்புதான் ஊறிப்போகும். மேடையில் மாற்றி மாற்றி வாசிக்கும் நாள் வந்தால், ஓரமாக வைத்த கருவியின் ரீட் காய்ந்துபோகும், அதற்குச் செயற்கை ரீட் ஒன்று வாங்கிப் பாருங்கள்.