மேல்மட்டத் தெருவை எப்படி அழகாக்குவது?

கேள்வி: எங்கள் ஊர் மையத்தில் ஒரு பிரதான சாலைக்கு மேலாக, தரையிலிருந்து சுமார் 7.5 மீட்டர் உயரத்தில், 400 மீட்டர் நீளத்துக்குப் புதிய தெரு ஒன்று கட்டப்போகிறார்கள். ஒரு முனையில் பேருந்து நிலையம், மறுமுனையில் கடைவீதி. அகலம் 18 மீட்டர். நடுவில் வண்டிகள், இரு ஓரமும் நடைபாதை. மேம்பாலம் போல இல்லாமல், மக்கள் விரும்பி நடக்கிற, நிற்கிற தெருவாக இருக்க வேண்டும் என்கிறார்கள். கட்டமைப்பு வரைபடம் பாதி முடிந்திருக்கிறது. அழகுபடுத்தும் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கிறது. எந்த மரம், எந்த விளக்கு, எந்தத் தரைக்கல் போடலாம்? (ஓர் இளம் கட்டடக் கலைஞர்)

பதில்: வரைபடம் பாதிதான் முடிந்திருக்கிறது என்பது நல்ல செய்தி. மேல்மட்டத் தெருவின் அழகில் பெரும்பகுதி கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்பே முடிவாகிவிடும். தரையில் இருக்கிற தெருவில் பத்து வருடம் கழித்துக்கூடக் குழி தோண்டி மரம் நடலாம், கம்பம் மாற்றலாம். மேலே அது நடக்காது. எவ்வளவு மண் தாங்கும், தண்ணீர் எங்கே இறங்கும், கம்பம் எதில் நிற்கும் என்பதெல்லாம் கட்டமைப்புப் பொறியாளரின் கணக்கில் இப்போதே ஏற வேண்டும். அதனால் கல்லும் விளக்கும் தேர்ந்தெடுப்பதைத் தள்ளிவைத்துவிட்டு, இந்த வாரமே அவரோடு உட்காருங்கள்.

அவரிடம் போகும் முன் உங்களுக்குள் ஒரு கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும்: இந்தத் தெருவின் ஓரத்தில் என்ன இருக்கப்போகிறது? வெறும் கைப்பிடிச் சுவரா, கடைகளின் வாசலா?

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்தில் சவுத் பிரிட்ஜ் என்று ஒரு தெரு இருக்கிறது. 1788-இல் திறந்தார்கள். ஒரு பள்ளத்தாக்கைத் தாண்டிப் போகிற, 19 வளைவுகள் கொண்ட பாலம் அது. ஆனால் கவ்கேட் தெருவுக்கு மேலே போகிற ஒரே ஒரு வளைவுதான் இன்றைக்கு வெளியே தெரியும். பாலத்தின் இரண்டு பக்கமும் மனைகளை விற்று, கட்டடங்களைப் பாலத்தை ஒட்டியே எழுப்பி, கடை வாசல்களைப் பாலத்தின் மட்டத்தில் திறந்துவிட்டார்கள். அதில் நடப்பவருக்கு, பாலத்தின் மேல் இருக்கிறோம் என்பதே தெரியாது. அது சாதாரணக் கடைத்தெரு. அங்கே இந்த வேலையைச் செய்தது பூந்தொட்டிகளோ சிற்பங்களோ அல்ல, வாசல்கள்.

இதற்கு நேர்மாறான அனுபவம் மும்பையில் கிடைத்தது. அங்கே 2008 முதல் பல ஆகாய நடைபாதைகள் கட்டினார்கள். அவற்றில் பலவற்றை மக்கள் எதிர்பார்த்த அளவு பயன்படுத்தவில்லை. கடை, ஆட்டோ, டீ எல்லாம் கீழே இருக்கும்போது எதற்காக மேலே ஏற வேண்டும்? சில இடங்களில் வீட்டு ஜன்னல்களுக்கு நேராக ஆட்கள் நடந்து போகிறார்கள் என்று குடியிருப்பவர்கள் எதிர்ப்பும் தெரிவித்தார்கள். சென்னை மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தி.நகர் பேருந்து நிலையத்துக்குப் போகிற, 2023-இல் திறந்த 570 மீட்டர் ஆகாய நடைபாதையின் தேவை வேறு. ரயிலில் இறங்கியவர் நெரிசலில் சிக்காமல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் கட்டப்போவது தெரு என்றால், நடந்து கடப்பதற்கான வசதி மட்டும் போதாது.

ஆகவே முதல் வேலை, அந்த 400 மீட்டரில் இரண்டு பக்கமும் இருக்கும் கட்டடங்களை நடந்து போய்க் குறித்துக்கொள்வது. 7.5 மீட்டர் என்பது ஏறக்குறைய இரண்டாம் மாடி. எந்தக் கட்டடத்தின் இரண்டாம் மாடி கடையாகவோ அலுவலகமாகவோ இருக்கிறது, எது வீடு, எது காலி மனை என்று பாருங்கள். கடையாக இருக்கிற இடத்தில் தெருவிலிருந்து நேரே உள்ளே போகச் சிறு இணைப்புப் பாலம் அமைக்க அடித்தட்டின், அதாவது தெருவைத் தாங்கும் கான்கிரீட் தளத்தின், விளிம்பில் இடம் விட்டு வையுங்கள். காலி மனைக்காரர் நாளைக்குக் கட்டும்போது தன் தளத்தை உங்கள் தெரு மட்டத்துக்கே வைக்க, கட்டட அனுமதி விதியில் வழி செய்யச் சொல்லி நகராட்சியிடம் கேளுங்கள். கட்டடமே வராத நீளங்களில், தெருவின் மேலேயே இரண்டரை மீட்டர் ஆழமுள்ள சின்னக் கடைகளை, இலகுவான ஸ்டீல் சட்டத்தில், வரிசையாக அல்லாமல் கொத்துக் கொத்தாக வையுங்கள். வீடுகள் இருக்கிற இடத்தில் மட்டும் கண் மறைக்கும் தடுப்பு, அதன்மேல் கொடி. அங்கே தெரு விளக்கின் ஒளியும் ஜன்னலுக்குள் விழக் கூடாது.

18 மீட்டரை எப்படிப் பங்கு பிரிப்பது? நடுவில் இருவழிக்கு 7 மீட்டர் போதும். மிச்சம் பக்கத்துக்கு 5.5 மீட்டர். அதில் வண்டிப் பக்கமாக அரை மீட்டர் தடுப்புக்கு, அடுத்த ஒன்றரை மீட்டர் மரம், விளக்கு, இருக்கை எல்லாவற்றுக்கும், பிறகு 2.5 மீட்டர் எந்தத் தடையும் இல்லாத நடைவழி. கடைசி ஒரு மீட்டர் கடை வாசலில் நின்று பார்ப்பவர்களுக்கு. நடைபாதைக்கு 1.8 மீட்டர் தெளிவான அகலம் குறைந்தபட்சம் என்று சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி சொல்கிறது. கடைவீதிக்கு அது பற்றாது. அந்த 2.5 மீட்டரில் மின்பெட்டி, போலீஸ் தடுப்பு, விளம்பரப் பலகை எதையும் யாரும் வைக்க விடாதீர்கள். இன்னும் ஒரு வண்டிப் பாதை வேண்டும் என்று கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். விட்டுக்கொடுத்தால் உங்கள் தெரு மறுபடி மேம்பாலமாகிவிடும். வேகத்தை 30 கிலோமீட்டருக்குள் வைத்தால்தான் ஓரத்தில் உட்காருபவர் நிம்மதியாக உட்காருவார்.

இப்போது மரத்துக்கு வருகிறேன். இங்கேதான் கணக்கு கடுமை. நனைந்த மண் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 1.8 முதல் 2 டன் எடை. நகரப் பாலங்களின் நடைபாதைக்கு ஆள்கூட்டச் சுமையாக எடுத்துக்கொள்வது சதுர மீட்டருக்கு 500 கிலோ. ஒரு மீட்டர் ஆழத்துக்கு மண் போட்டால் அதைப் போல நான்கு மடங்கு ஏறுகிறது. ஆகவே மரம் வேண்டும் என்றால் அதைத் தூணுக்கு நேர் மேலே வையுங்கள். இரண்டு தூண்களுக்கு நடுவில் புதர்ச் செடிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். செம்மண்ணோடு தென்னை நார்க்கழிவும் பெர்லைட் என்ற இலேசான எரிமலைக் கல் துகளும் கலந்தால் எடை நன்றாகக் குறையும். புதர்ச் செடிக்கு 45 முதல் 60 சென்டிமீட்டர் ஆழம் போதும், சிறு மரத்துக்கு ஒரு மீட்டராவது வேண்டும். நியூயார்க்கின் ஹை லைன் பழைய சரக்கு ரயில் பாதையின் மேல் 2009-இல் திறந்த பூங்கா. அங்கே பல இடங்களில் மண் 45 சென்டிமீட்டர் அளவுதான். புல்லும் பல்லாண்டுச் செடிகளும் முக்கியமாக வைத்தே அதை அழகாக்கினார்கள்.

நம் வெயிலில் மேலே வைக்க அரளி, தங்க அரளி, நந்தியாவட்டை, இட்லிப்பூ, பவளமல்லி, மந்தாரை போன்றவை நம்பகமானவை. சாயங்காலம் கடைவீதிக்கு வருகிறவர்கள் பவளமல்லி மணத்துக்காகவே இரண்டு நிமிடம் கூடுதலாக நிற்பார்கள். ஆனால் அரளி விஷச்செடி. குழந்தைகள் உட்காரும் இருக்கைகளுக்குப் பக்கத்தில் வேண்டாம்.

நிழலுக்கு எனக்குப் பிடித்த வழி வேறு. பெரிய மரங்களைத் தரையிலேயே நடுங்கள். தெருவின் விளிம்புக்கும் கட்டடங்களுக்கும் நடுவே இடைவெளி கிடைக்கிற இடங்களில் மகிழம், புங்கன், வேம்பு, புன்னை நட்டால், காலப்போக்கில் அவற்றின் கிளைப்பரப்பு உங்கள் தெருவின் மட்டத்துக்கு வந்துவிடும். வேர் நிஜ மண்ணில், இலை உங்கள் தலைக்கு மேல், கட்டமைப்புக்குச் சுமை கிடையாது. தரைத் தெருவில் அண்ணாந்து பார்க்கிற பூவும் கிளியும் இங்கே கண்ணுக்கு நேரே இருக்கும். இதற்காக அடித்தட்டின் விளிம்பை ஆங்காங்கே உள்ளே வளைத்துவிடலாம். பெருங்கொன்றை வேண்டாம், அதன் கிளைகள் புயலில் எளிதில் முறியும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் எத்தனை மரங்களைச் சாய்த்தது என்பது நினைவிருக்கும்.

மரம் வளரும்வரைக்கும், அதற்குப் பிறகும்கூட, கூரை வேண்டும். தமிழ்நாட்டில் ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் வருகிறது. பக்கவாட்டு நிழல் எதுவும் அப்போது உதவாது. தென்கொரியாவின் சோல் (சியோல்) நகரத்தில் 1970-இல் கட்டிய மேம்பாலத்தை 2017-இல் நடைத்தெருவாக மாற்றினார்கள். சோலோ 7017 என்று பெயர். சுமார் ஒரு கிலோமீட்டர் நீளம், 600-க்கும் மேற்பட்ட வட்டக் கான்கிரீட் தொட்டிகள், 24,000 செடிகள். பார்க்க வியப்பாக இருந்தது. ஆனாலும் கோடையில் நிழல் போதவில்லை, கான்கிரீட் கொதிக்கிறது என்ற விமர்சனம் திறந்த உடனேயே வந்தது. சோலுக்கே அந்த நிலை என்றால் நமக்கு எப்படி இருக்கும்?

இரண்டு பக்கமும் முழுக்கக் கூரை போடப் பணம் இல்லை என்றால் திசையைப் பாருங்கள். தெரு கிழக்கு மேற்காக ஓடினால், ஆண்டின் பெரும்பகுதியில் தென்வரிசைக் கட்டடங்கள் தெற்கு நடைபாதைக்கு நிழல் தரும்; வடக்கு நடைபாதைக்குத்தான் கூரை முதலில் வேண்டும். வடக்கு தெற்காக ஓடினால், கடைவீதிக் கூட்டம் சாயங்காலம் வரும் என்பதால், மேற்கு வெயில் நேரே விழுகிற கிழக்கு நடைபாதையை மூடுங்கள்.

தரைக்கல் சுலபம். நம் ஊர் சாம்பல் நிறக் கிரானைட்டை, பாலிஷ் போடாமல், தீயில் சுட்டுச் சொரசொரப்பாக்கிய ஃபிளேம்டு ஃபினிஷில் வாங்குங்கள். மழையில் வழுக்காது, வெயிலில் கண் கூசாது. பாலத்தில் வெப்பத்துக்கு விரிந்து சுருங்கும் இணைப்புகள் இருக்கும். கல் வடிவமைப்பின் கோடும் அந்த இணைப்பின் கோடும் ஒன்றாக வரும்படி வரையுங்கள். இல்லாவிட்டால் முதல் கோடையிலேயே கல் பெயரும். பார்வையற்றவர்களுக்கான தொடு ஓடுகளும் அந்த இணைப்பைத் தாண்டும்போது அறுபடக் கூடாது.

விளக்குக் கம்பம் 4 முதல் 4.5 மீட்டர் உயரம், இளமஞ்சள் ஒளி, அதாவது 3000 கெல்வின். நெடுஞ்சாலைக் கம்பம் வேண்டவே வேண்டாம். கம்பத்தின் அடி போல்ட்டுகளையும் ஒயர் போகும் குழாய்களையும் கான்கிரீட்டுக்குள்ளேயே பதிக்கச் சொல்லுங்கள். திருவிழாச் சீரியல் விளக்குக்கும் தனி மின்புள்ளி விட்டு வையுங்கள், எப்படியும் கட்டத்தான் போகிறார்கள். கைப்பிடி 1.1 மீட்டர் உயரம், நின்ற வாக்கில் கம்பிகள். குறுக்குக் கம்பி என்றால் குழந்தைகள் ஏணி போல ஏறிவிடுவார்கள். கோபுரமோ குளமோ மலையோ தெரிகிற இடம் ஒன்று கட்டாயம் இருக்கும். அங்கே நடைபாதையைக் கொஞ்சம் அகலமாக்கி, இருக்கையை வண்டிக்கு முதுகு காட்டி வெளியே பார்க்கப் போடுங்கள்.

ஏறுகிற இடத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. என் பார்வையில் வாசல்களுக்கு அடுத்தபடி முக்கியம் அதுதான். லண்டனில் 1869-இல் திறந்த ஹோல்பர்ன் வயடக்ட் என்ற பாலத் தெரு இதற்கு நல்ல பாடம். ஃபேரிங்டன் தெருவுக்கு மேலே அது கடக்கும் இடத்தில், நான்கு மூலைகளிலும் கட்டடங்கள் எழுப்பி, மேலும் கீழும் போகும் படிக்கட்டுகளை அவற்றுக்குள் வைத்தார்கள். படி என்பது பாலத்தில் ஒட்டிய இரும்புச் சாமானாக இல்லாமல், தெருமுனைக் கட்டடமாகவே ஆனது. உங்கள் 400 மீட்டரில் இரு முனைகளைத் தவிர நடுவிலும் இரண்டு இடங்களிலாவது ஏற வழி வேண்டும். 1:12 சாய்வில் சரிவுப்பாதை போட்டால் 7.5 மீட்டர் ஏற 90 மீட்டர் நீளம், அதோடு இடைத்தளங்களும் வேண்டும். சக்கர நாற்காலியைக் கையால் தள்ளி ஏறுபவருக்கு அது அதிகத் தொலைவு. ஆகவே ஒவ்வோர் ஏற்றத்திலும் லிஃப்ட், அதுவும் ஒன்று பழுதானால் இன்னொன்று ஓடும்படி இரண்டு, மின்வெட்டுக்கு மாற்று ஏற்பாட்டோடு. லிஃப்ட் நின்றுபோன நாளில் அந்தத் தெரு வயதானவர்களுக்கு இல்லாமல் போய்விடுகிறது. கழிப்பறையும் குடிநீரும் இந்த இடங்களிலேயே அமையட்டும்.

அப்புறம், கீழே. மேலே எவ்வளவு அழகு செய்தாலும், கீழே இருட்டும் குப்பையும் என்றால் ஊர் உங்களை மன்னிக்காது. சிகாகோவின் வாக்கர் டிரைவ் 1926-இல் இரண்டு அடுக்காகத் திறந்தது. மேல் தெரு நகரத்தின் முகம், கீழ் அடுக்கு சரக்கு வண்டிகளுக்கு. கீழே மக்கள் நடக்க வேண்டியதில்லை என்றால் அது சரி. உங்கள் பிரதான சாலையில் மக்கள் நடப்பார்கள். பாரிஸில் பழைய ரயில் பாலத்தின் மேல் தோட்டம் போட்டபோது, கீழே இருந்த வளைவுகளைக் கைவினைக் கலைஞர்களின் கூடங்களாக மாற்றிக் கண்ணாடி முகப்பு வைத்தார்கள். அதனால் இரண்டு மட்டமும் உயிரோடு இருக்கின்றன. உங்களிடம் வளைவுகள் இல்லை, தூண்கள்தான். வண்டிப்பாதைக்கும் நடைபாதைக்கும் நடுவில் அடித்தட்டிலேயே நீளவாக்கில் திறப்பு விட முடியுமா என்று பொறியாளரிடம் கேளுங்கள். பகல் வெளிச்சம் கீழே விழும். அடிப்பக்கத்துக்கு வெள்ளை அடியுங்கள். இப்போது அங்கே வியாபாரம் செய்கிற தள்ளுவண்டிக்காரர்களை விரட்டாமல் தூண்களுக்கு நடுவே இடம் குறித்துக் கொடுங்கள். 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டமும் அவர்களுக்குப் பாதுகாப்பு தருகிறது. தூணில் மாட்டுகிற செங்குத்துத் தோட்டத்தை நான் சொல்ல மாட்டேன். சொட்டுநீர் ஒரு வாரம் நின்றால் எல்லாம் காய்ந்து தொங்கும்.

மழைநீர் விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். மேம்பாலத்தின் ஓட்டைக் குழாயிலிருந்து கீழே பைக்கில் போகிறவர் தலையில் தண்ணீர் கொட்டுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தரையை 2 முதல் 2.5 சதவீதம் சாய்த்து, செடிப் படுகைகள் வழியாக நீரை இழுத்து, மிச்சத்தைத் தூணை ஒட்டிய குழாயில் இறக்கிக் கீழே நட்ட மரங்களின் குழிக்கு விடுங்கள். ஐப்பசி மழைக்குத் தாங்கும் விட்டம் வைத்து, அடைப்பு எடுக்கக் கை நுழைகிற மூடியும் வையுங்கள்.

கடைசியாக, ஒப்பந்தத்தில் குறைந்தது ஐந்து ஆண்டுப் பராமரிப்பைச் சேர்க்கச் சொல்லுங்கள்: தண்ணீர் ஊற்றுவது, லிஃப்ட், வடிகால், பிறகு இணைப்புகளில் முளைக்கும் ஆலும் அரசும். பறவை எச்சத்தில் வரும் அந்தக் கன்றுகளை விரல் நீளம் இருக்கும்போதே பிடுங்கினால் ஒரு ஆளின் வேலை. இரண்டு மழைக்காலம் விட்டால் கான்கிரீட்டை உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.