பதினான்கு அடி வண்டியும் மச்சானின் டியூவும்

கேள்வி: தாம்பரம் பக்கத்தில் மரம் கழிக்கும் தொழில் செய்கிறேன். 2016 டிசம்பரில் வர்தா புயலில் விழுந்த மரங்களை அறுக்க ஒரு பவர் சா வாங்கித் தொடங்கியது. இப்போது அபார்ட்மென்ட், பள்ளிக்கூடம் என்று நிலையான வேலை இருக்கிறது. மரம் ஏறுபவர் ஒருவர், கீழே மூன்று பேர். 2019-இல் லோனில் வாங்கிய சின்ன லோடு வண்டி ஒன்று ஓடுகிறது. இப்போது எல்லாவற்றுக்கும் ஒரே வண்டியாக 14 அடி பாடி, டிப்பர், சின்ன கிரேன், கழற்றி மாட்டும் தழை அரைக்கும் மெஷின், டூல் பெட்டி வைத்துக் கட்ட நினைக்கிறேன். மொத்தம் 18 லட்சம். சீட்டு எடுத்த 3.5 லட்சம் கையில் இருக்கிறது. மீதி 14.5 லட்சத்துக்கு 9.5 சதவீத வட்டியில் 5 வருட லோன் என்கிறார் பைனான்ஸ்காரர். சீட்டுப் பணத்தையும் மியூச்சுவல் ஃபண்டில் போட்டுவிட்டு முழுத் தொகைக்கும் லோன் எடுக்கலாம் என்றும் சொல்கிறார். கணக்கு, படம் எல்லாம் இணைத்திருக்கிறேன். பயமாகவும் இருக்கிறது. எடுக்கலாமா?

பதில்: நோட்டுத் தாளில் பென்சிலால் நீங்கள் வரைந்த படத்தை வெகுநேரம் பார்த்தேன். அளவெல்லாம் போட்டு, பெட்ரோல் கேனும் கயிறும் ஒரே பெட்டியில் வரக்கூடாது என்று குறிப்பு எழுதியிருக்கிறீர்கள். தொழில் தெரிந்தவர் வரைந்த படம். ஆனால் அதில் இரண்டு முதலாளிகள் தெரிகிறார்கள்.

தழைக்கு நீளம் தேவையில்லை, உயரம்தான் தேவை. பக்கப் பலகையை உயர்த்தி வலை அடித்தாலே ஒரு சின்ன வண்டியில் இப்போது ஏற்றுவதைப் போல ஒன்றரை மடங்கு தழை போகும். அப்புறம் எதற்கு 14 அடி? மெஷினைக் கழற்றி இறக்கும்படி ஏன் வைக்க வேண்டும்? பதில் உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. சனி, ஞாயிறு மச்சானின் பந்தல் சாமான் ஏற்ற வேண்டும். இரும்புக் குழாய்க்கு நீளம், ஜெனரேட்டருக்குக் கிரேன். டீசல் அவர் போட்டுக்கொள்வார், அவ்வளவுதான்.

உங்கள் பழைய லோனையும் இதே கண்ணோடு பாருங்கள். 2019-இல் எடுத்த 4 வருட லோன் 2023-இல் முடிந்திருக்க வேண்டும். 2021-இல் ஒரு டாப்-அப், அதாவது அதே லோனின் மேல் கூடுதல் கடன், 1.6 லட்சம் மச்சானுக்கு. 2023 முடிவில் இன்னொன்று, 2.2 லட்சம், அதுவும் அவருக்கே. திரும்பி வந்தது 40,000. இன்றைக்கு மாதம் 14,200 கட்டுகிறீர்களே, அதை ‘வண்டி டியூ’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது பந்தல் கடையின் டியூ. வண்டி என்றைக்கோ உங்களுக்குச் சொந்தமாகியிருக்க வேண்டியது.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். நல்ல மாதத்தில் வரவு 1.7 லட்சம். கூலி 84,000. மாதம் எட்டு நாள் வாடகை லாரி 20,000. டீசல், சா செயின், சாப்பாடு 16,000. மீதி 50,000. அதில் டியூ 14,200, வீட்டுச் செலவு 30,000 போனால் கையில் 6,000-கூட நிற்கவில்லை.

புதிய வண்டி வந்தால் வாடகை லாரி 20,000 மிச்சம், சரி. இன்சூரன்ஸ், எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று), டயர், கூடுதல் டீசல் எல்லாம் சேர்த்து மாதம் 6,000 வையுங்கள். நிகர மிச்சம் 14,000. பழைய 6,000-ஐயும் சேர்த்தால் 20,000. புது டியூ எவ்வளவு? அவர் சொல்லும் 9.5 சதவீதம் ஃபிளாட் வட்டி. அசல் குறையக் குறைய வட்டி குறையாது. 5 வருடத்துக்கு வட்டி மட்டும் 6.9 லட்சம், டியூ 35,650. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் இது வருடத்துக்குச் சுமார் பதினாறரை சதவீதம். மாதம் 15,000-க்கு மேல் துண்டு விழும். அது ஏறக்குறைய நீங்கள் இப்போது மச்சானுக்காகக் கட்டும் தொகை. இதுவும் நல்ல மாதத்துக் கணக்குதான். மழைக்கு முன்னால் ஆகஸ்ட், செப்டம்பரில் வரும் வேலை ஏப்ரலில் வராது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

பதினாறரை சதவீதத்துக்குக் கடன் வாங்கிக்கொண்டு கைப்பணத்தை ஃபண்டில் போடச் சொல்பவருக்கு இரண்டு பக்கமும் கமிஷன் கிடைக்கலாம். உங்களுக்கு என்ன கிடைக்கும்? மார்க்கெட் இறங்கிய மாதத்திலும் டியூ தேதி வரும். அந்தப் பேச்சை அத்தோடு விடுங்கள்.

நான் சொல்வது இது. அந்த 3.5 லட்சத்தில் பழைய லோனை அடையுங்கள். இன்னும் 20 டியூ, மொத்தம் 2,84,000. இன்று முடித்தால் அசல் சுமார் 2.45 லட்சம், முன்கூட்டி அடைப்பதற்கான கட்டணம் சேர்த்து 2.55 லட்சத்துக்குள் வரும். சரியான தொகையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பாக்கி இல்லை என்ற என்ஓசி கடிதம் வாங்கி, ஆர்சியில் பைனான்ஸ் பெயரை உடனே நீக்குங்கள். பிறகு அதே 14,200-ஐ வங்கியில் ஒரு வருட ஆர்டியில் (மாதாமாதம் கட்டும் சேமிப்பு) போடுங்கள். கட்டிப் பழகிய கைதான். வருடக் கடைசியில் 1.7 லட்சம், சீட்டு மீதியில் ஒரு 80,000, பழைய வண்டி விற்றால் 2 லட்சம். நாலரை லட்சம் கையில் இருக்கும்.

அதை வைத்து உயரப் பலகையும் பக்கவாட்டில் பூட்டுப் பெட்டியும் கட்டிய சின்ன பிக்கப், பாடியோடு 9 லட்சத்துக்குள் பாருங்கள். மீதி 4.5 லட்சத்துக்கு வங்கியில் முத்ரா லோன் (சிறு தொழிலுக்கான அரசுத் திட்டக் கடன்) கேளுங்கள். குறையும் அசலில் 11 சதவீதம், 4 வருடம் என்றால் டியூ 11,600 போல வரும். இப்போது கட்டுவதைவிடக் குறைவு. அடிமரத்துக்கு மட்டும் மாதம் மூன்று நாள் லாரி வாடகைக்கு எடுங்கள். இரண்டடி விட்டம், ஆறடி நீளமுள்ள ஒரு பச்சைத் துண்டே அரை டன் வரும். அதைச் சின்ன வண்டியில் அடுக்குவது ஆபத்து. இந்த ஏற்பாட்டில் எல்லாம் போக மாதம் 18,000 போல மிஞ்சும். தழை அரைக்கும் மெஷினை முதலில் நாலைந்து தடவை வாடகைக்கு ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கிரேன் பற்றி ஒரு வார்த்தை. ஆர்சியில் இருக்கும் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றி அமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. ஆர்டிஓ அனுமதி இல்லாமல் ஷெட்டில் வெல்டிங் வைத்துக் கிரேன் பொருத்தினால், விபத்து நாளில் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்க அதுவே போதும். பந்தல் ஆட்களை மேலே உட்காரவைத்து அனுப்புவதும் அப்படித்தான். 14 அடியில் மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டும் வண்டி என்றால் சாதாரண எல்எம்வி (இலகு வாகன) லைசென்ஸும் போதாது.

மச்சானிடம் பேசுவதுதான் கஷ்டம், புரிகிறது. மனைவியையும் கூட உட்காரவைத்துப் பேசுங்கள். மனைவியின் தம்பிதானே, டியூ அட்டையைப் பார்த்தால் மனைவிக்கும் விளங்கும். 3.4 லட்சம் பாக்கி என்று தாளில் எழுதி, முகூர்த்த மாதங்களில் மட்டும் மச்சானுக்கு ஒத்துவரும் தொகையாகத் திருப்பித் தரச் சொல்லுங்கள். வண்டி வேண்டுமென்றால் வெளியில் கொடுக்கும் வாடகையை உங்களுக்கே கொடுக்கட்டும். வராமல் போனாலும் போகட்டும். இனி உங்கள் ஆர்சியை வைத்து அவருக்காக ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள்.

கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: “ஏறுகிற கயிறு பழசு, இன்னும் ஒரு மழைக்காலம் ஓட்டலாம்.” அதைப் படித்ததும் எனக்கு வயிறு கலங்கியது. வண்டி இன்சூரன்ஸில் மரத்திலிருந்து விழுந்தவருக்கு எதுவும் வராது. வங்கியில் வருடம் 20 ரூபாய்க்குப் பிரதமர் விபத்துக் காப்பீடு இருக்கிறது, 2 லட்சம் வரை. நாலு பேருக்கும் எடுத்துக் கொடுங்கள். கயிறும் பெல்ட்டும் சீட்டுப் பணத்திலிருந்து இந்த வாரமே வாங்குங்கள், லோன் அடைப்பதற்கும் முன்னால்.