இரண்டாவது பதிவேட்டை எழுதலாமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் ஊதியக் கணக்கு எழுதுகிறேன். வெளிநாட்டு வாடிக்கையாளரின் தணிக்கைக்காக, மிகைநேர வேலையை மறைத்து இன்னொரு வருகைப் பதிவேடு எழுதும்படி மேலாளர் சொல்கிறார். என்ன செய்வது?
– ஒரு வாசகி, அவிநாசி

பதில்: எழுதாதீர்கள், சகோதரி. மிகைநேர வேலைக்கு இரு மடங்கு ஊதியம் என்பது சட்டம் தந்த உரிமை; அந்த நேரத்தைப் பதிவேட்டிலிருந்து நீக்கும்போது, ஞாயிற்றுக்கிழமையும் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருந்த பெண்ணின் கூலிக்கான சாட்சியத்தை உங்கள் கையாலேயே அழிக்கிறீர்கள். தணிக்கையாளர்களும் எளிதில் ஏமாறுவதில்லை. உடைந்த ஊசியின் துண்டுகளைத் தேதியிட்டு ஒட்டிவைக்கும் பதிவேட்டைப் புரட்டி, விடுமுறை நாளில் ஊசி உடைந்தது எப்படி என்று கேட்பார்கள்.

ஹைதராபாத்தின் சத்யம் நிறுவனத்தில் ஆண்டுக்கணக்காக ஊதிப் பெருக்கப்பட்ட கணக்கு, 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜுவே ஒப்புக்கொண்டபோது, 7,000 கோடி ரூபாயைத் தாண்டியிருந்தது. 2015-இல் தண்டனை பெற்ற பத்துப் பேரில் நிதிப் பிரிவு ஊழியர்களும் இருந்தார்கள் என்பதை நீங்கள் குறிப்பாக நினைவில் கொள்ள வேண்டும்.

மேலாளரிடம் தனியாக, பணிவோடு பேசுங்கள். உண்மைப் பதிவேட்டையும், மிகைநேரத்தைக் குறைப்பதற்கான திட்டத்தையும் சேர்த்தே காட்டலாம் என்று சொல்லுங்கள். குறையைத் திருத்த அவகாசம் தரும் வாடிக்கையாளர்கள்கூடப் போலி ஆவணத்தைப் பொறுப்பதில்லை. அவர் மறுத்தால், உரிமையாளருக்கு எழுத்தில் தெரிவித்து நகலை வைத்துக்கொள்ளுங்கள். வேலை போய்விடுமோ என்ற அச்சம் நியாயமானதே. ஆகவே வேறு இடங்களுக்கு விண்ணப்பிப்பதையும் இப்போதே தொடங்குங்கள்.