வொண்டர்லா கொச்சி: எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது

உடுமலையிலிருந்து இரண்டு பிள்ளைகள், மாமியாரோடு கொச்சி வொண்டர்லா கேளிக்கைப் பூங்காவுக்குப் போகிறோம், இரண்டு ராத்திரி தங்க வேண்டுமா, சாப்பாட்டுச் செலவை எப்படிக் குறைப்பது என்று கேட்டிருந்தீர்கள், சகோதரி. நான் பாலக்காடு சித்தூர்ப் பக்கம். பிள்ளைகளோடு போய் வந்திருக்கிறேன்.

முந்தின ராத்திரி ஒன்று போதும். எர்ணாகுளம் டவுனுக்குள் அறை எடுக்காதீர்கள். பூங்கா இருப்பது டவுனுக்கு வெளியே, பள்ளிக்கரையில். காலை நெரிசலிலேயே பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள். பூங்காவுக்குக் கிட்டே இருக்கும் காக்கநாட்டில், இன்போபார்க் என்ற ஐ.டி. வளாகத்துப் பக்கம் பாருங்கள். அடுப்போடு சர்வீஸ் அபார்ட்மென்ட் கிடைத்தால் ரொம்ப நல்லது, மாமியாருக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கலாம்.

வெளிச் சாப்பாட்டைப் பூங்காவுக்குள் விடமாட்டார்கள். அதனால் காலையில் புட்டும் கடலைக்கறியும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். உள்ளே மதியம் ஒரு வேளை வாங்கினால் போதும். ஊரிலிருந்து கிளம்பும் நாள் மதியத்துக்கு, குடும்பஸ்ரீ (கேரள அரசின் மகளிர் குழுத் திட்டம்) பெண்கள் நடத்தும் ஜனகீய ஹோட்டல் வழியில் இருந்தால் விடாதீர்கள், விலையும் குறைவு, வீட்டுச் சமையல் மாதிரி இருக்கும். ஆனால் எங்கள் சின்னவன் கேரளத்து மட்ட அரிசிச் சோற்றை (தடித்த சிவப்பரிசி) ஒவ்வொரு பருக்கையாக உருட்டிப் பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டான். ‘ஊண்’ (சாப்பாடு) சொல்லும்போதே வெள்ளைச் சோறு உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

அப்புறம், தண்ணீர் விளையாட்டுக்குப் பருத்தி உடை கூடாது. நைலான் உடையை உடுமலையிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.