இங்கிலாந்து மன்னரின் அதிகாரம் நாடாளுமன்றத்துக்குக் கட்டுப்பட்டது எப்படி? மாக்னா கார்ட்டாதான் காரணமா?

மாக்னா கார்ட்டாவைத் தொடக்கம் என்று சொல்லலாம், காரணம் என்று சொல்ல முடியாது. 1215-இல் ஜான் மன்னர் ஏற்றுக்கொண்ட அந்தச் சாசனத்தின் 12-ஆம் பிரிவு, நாட்டின் பொது ஆலோசனை இல்லாமல் சில வரிகளை விதிக்கக் கூடாது என்றது. மறு ஆண்டே சாசனத்தைத் திரும்ப வெளியிட்டபோது அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள். மன்னரை உண்மையில் மடக்கியது, அதற்கு ஏறக்குறைய 475 ஆண்டுகள் கழித்து வந்த ஒரு பழக்கம்: பணத்தையும் படையையும் மொத்தமாகக் கொடுக்காமல், தவணை வைத்துக் கொடுப்பது.

எழுத்தில் இருக்கும் உரிமைக்கு எவ்வளவு பலம் என்பதற்கு முதலாம் சார்லஸ் நல்ல உதாரணம். நாடாளுமன்றச் சம்மதம் இல்லாமல் வரி கிடையாது என்ற உரிமை மனுவை 1628-இல் ஏற்றார். 1629-இல் நாடாளுமன்றத்தைக் கலைத்துவிட்டு 11 ஆண்டுகள் கூட்டவே இல்லை. செலவுக்குக் 'கப்பல் பணம்' என்ற பழைய வரியைக் கையில் எடுத்தார். ஆபத்துக் காலத்தில் கடலோர ஊர்கள் கொடுத்துவந்ததை 1635-இல் உள்நாட்டு மாவட்டங்களுக்கும் நீட்டினார். ஜான் ஹாம்ப்டன் என்ற நிலக்கிழார் 20 ஷில்லிங் (அதாவது ஒரு பவுண்டு) கட்ட மறுத்து வழக்காடினார். 12 நீதிபதிகளில் 7 பேர் மன்னர் பக்கம் தீர்ப்பளித்தார்கள். ஆக, நீதிமன்றத்தில் ஜெயித்தது மன்னர்தான். ஸ்காட்லாந்தோடு சண்டை மூண்டபோதுதான் அவர் கை வறண்டது. 1640-இல் வேறு வழியில்லாமல் நாடாளுமன்றத்தைக் கூட்டினார். உள்நாட்டுப் போரும் 1649-இல் அவர் தலை துண்டிக்கப்பட்டதும் அதன் பிறகு நடந்தவை.

தலையை வெட்டியதால் பிரச்சினை தீரவில்லை என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. 1660-இல் முடியாட்சி திரும்பியது. 1685-இல் இரண்டாம் ஜேம்ஸுக்கு நாடாளுமன்றமே வருவாயை ஆயுள் முழுக்க ஒதுக்கிக் கொடுத்தது. வணிகம் பெருகிச் சுங்க வருவாய் ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. ஆண்டுக்கு ஏறக்குறைய 20 லட்சம் பவுண்டு கைக்கு வந்ததும் அவர் படையைப் பெருக்கினார், அதே ஆண்டு நவம்பரில் நாடாளுமன்றத்தை ஒத்திவைத்தார். அவர் ஆட்சியில் அது மறுபடி கூடவே இல்லை. 1688-இல் ஜேம்ஸின் மருமகனான ஆரஞ்சு வில்லியம் டச்சுப் படையோடு வந்து இறங்கியதும் ஜேம்ஸ் ஓடிப்போனார், வில்லியம் மன்னரானார்.

1689-இன் உரிமைச் சட்டம் நாடாளுமன்றச் சம்மதமில்லாமல் வரி கூடாது, சமாதான காலத்தில் நிலையான படை வைக்கக் கூடாது, சட்டங்களை மன்னர் நிறுத்திவைக்கக் கூடாது என்றது. மீறினால் என்ன ஆகும் என்று மட்டும் அதில் இல்லை. அந்த ஓட்டையை அடைத்தவை இரண்டு.

ஒன்று, சுங்க வருவாய். வழக்கமாக ஆயுளுக்கும் கொடுப்பதை 1690-இல் வில்லியமுக்கு 4 ஆண்டுக்கு மட்டும் கொடுத்தார்கள். அவருக்குக் கடும் கோபம். ஆனால் பிரான்ஸோடு போர் நடந்துகொண்டிருந்ததால் எதிர்த்து நிற்க முடியவில்லை.

இரண்டாவது, படைக் கலகச் சட்டம். சமாதான காலத்தில் படையை விட்டு ஓடும் வீரனை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தி மரண தண்டனை கொடுக்கப் பொதுச் சட்டத்தில் இடமில்லை. 1689-இல் இப்ஸ்விச்சில் ஒரு ரெஜிமென்ட் கலகம் செய்ததும் அந்த அதிகாரத்தை நாடாளுமன்றம் கொடுத்தது, அதுவும் சில மாதங்களுக்கு மட்டும். பிறகு அதை ஆண்டுதோறும் புதுப்பிப்பது வழக்கமாயிற்று. புதுப்பிக்காவிட்டால் படையில் கட்டுப்பாட்டுக்குச் சட்ட ஆதாரமே இருக்காது. 1698-க்குப் பிறகு சில ஆண்டுகள் இந்தச் சட்டம் காலாவதியாகிக் கிடந்தது. அப்போதும் பணத்துக்காக நாடாளுமன்றத்தைக் கூட்டியே ஆக வேண்டியிருந்தது. இரண்டில் வலுவான பூட்டு பணம்தான் என்று நான் சொல்வது இதனால்தான். 1689-க்குப் பிறகு நாடாளுமன்றம் கூடாத ஆண்டே இல்லை.

பூட்டு வேலை செய்ததை 1699-இல் பார்க்கலாம். போர் முடிந்ததும் இங்கிலாந்தில் 7,000 வீரர்கள் போதும், அவர்களும் உள்நாட்டவராகவே இருக்க வேண்டும் என்று மக்களவை முடிவு செய்தது. வில்லியம் தன்னோடு கொண்டுவந்த டச்சு மெய்க்காவல் படையையாவது விட்டுவையுங்கள் என்று கேட்டுப் பார்த்தார். மறுத்துவிட்டார்கள். முடி துறக்கும் உரை ஒன்றைக்கூட எழுதி வைத்தவர், கடைசியில் அந்தப் படையைத் திருப்பி அனுப்பினார்.

மற்றவை இதன் தொடர்ச்சியாக வந்தவை. 1698-இல் அரண்மனைக்கும் அரசு அலுவலர் சம்பளத்துக்கும் ஆண்டுக்கு 7 லட்சம் பவுண்டு என்று தனியே ஒதுக்கினார்கள். 1701-இன் சட்டம் மன்னர் நினைத்தபடி நீதிபதிகளை நீக்கும் வழியை அடைத்தது. ஒரு மசோதாவுக்கு முடியரசு ஒப்புதல் மறுத்தது 1708-இல் ஆன் அரசி காலத்தோடு சரி. மக்களவையில் பெரும்பான்மை இல்லாத அமைச்சரால் பணம் வாங்கித் தர முடியாது என்பதால், யாரை அமைச்சராக வைப்பது என்பதும் மெல்ல மன்னர் கையை விட்டுப் போயிற்று. 1834-இல் நான்காம் வில்லியம் பிரதமர் மெல்போர்னின் அரசை நீக்கிப் பீலைப் பிரதமராக்கினார். பீலுக்குத் தேர்தலில் பெரும்பான்மை கிடைக்கவில்லை, 1835-இல் மெல்போர்னே திரும்பி வந்தார்.

நம் சட்டமன்றத்தில் ஒவ்வொரு துறைக்கும் பணம் கேட்டு நடக்கும் மானியக் கோரிக்கை விவாதமும், அந்தத் தொகையைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானமும் இந்த வழியில் வந்தவைதான். மார்ச் 31-க்குள் அவையின் அனுமதி கிடைக்காவிட்டால் ஏப்ரல் 1 முதல், அரசின் வருவாய் சேரும் கணக்கான தொகுப்பு நிதியிலிருந்து அரசு ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. தேர்தல் வரும் ஆண்டில் இடைக்கால பட்ஜெட் போட்டு, சில மாதச் செலவுக்கு மட்டும் முன்கூட்டியே அனுமதி வாங்கி வைப்பது இதற்காகத்தான்.