நூறு ரூபாய் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 27. பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். கணவர் பெங்களூரில் வாடகை கார் ஓட்டுகிறார். மூன்று வருடமாக அங்கேயே வேறொரு பெண்ணோடு குடித்தனம். நான் 7 வயது மகளோடு அம்மா வீட்டில் இருக்கிறேன். தக்காளி மண்டியில் கூலி வேலை. இப்போது ஊர்ப் பெரியவர்கள் கூடி, "ஐம்பதாயிரம் வாங்கிக்கோ, பத்திரத்தில் எழுதிக் கொடுத்து விஷயத்தை முடிச்சுக்கோ" என்கிறார்கள். கோயிலில் நடந்த கல்யாணம், பதிவு செய்யவில்லை. கேஸ் போட முடியுமா? கைவிடப்பட்ட பெண்களுக்கான பென்ஷன் கிடைக்குமா?

பதில்: சகோதரி, முதலில் அந்தப் பத்திரம். யார் வற்புறுத்தினாலும் அதில் கையெழுத்துப் போடாதீர்கள். நம் மாவட்டத்தில் இப்படி எழுதி வாங்குவது சர்வ சாதாரணமாக நடக்கிறது. "நாங்கள் இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழச் சம்மதிக்கிறோம், இனி ஒருவர் மேல் ஒருவருக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை" என்று அதில் ஒரு வரி இருக்கும். ஆபத்து அந்த வரியில்தான். பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்து வாழும் மனைவிக்கு ஜீவனாம்சம் கிடையாது என்று சட்டமே சொல்கிறது. கணவரின் வக்கீல் நாளைக்கு அதைத்தான் கோர்ட்டில் நீட்டுவார். ஜீவனாம்சமே வேண்டாம் என்று எழுதிக்கொடுப்பது செல்லாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. ஆனால் அதை வாதாடி ஜெயிக்க உங்களுக்கு வருடக்கணக்காகும். உங்கள் மகளுக்குச் சேர வேண்டிய ஜீவனாம்சத்தை யாருமே எழுதிக் கொடுக்க முடியாது, நீங்கள் உட்பட.

அந்தப் பத்திரம் விவாகரத்தும் ஆகாது. சமூக வழக்கப்படி நடக்கும் விவாகரத்தைச் சட்டம் அடியோடு ஒதுக்கவில்லைதான். ஆனால் அப்படியொரு வழக்கம் காலங்காலமாக இருக்கிறது என்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்ததால் மட்டும் தாலி உறவு முறிந்துவிடாது.

சரி, கேஸ் போடலாமா? தாராளமாகப் போடலாம். மனைவியும் பிள்ளையும் ஜீவனாம்சம் கேட்க வழிசெய்யும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144-வது பிரிவாக இருக்கிறது. விவாகரத்து ஆகியிருக்க வேண்டியதில்லை. பெங்களூருக்கு அலையவும் வேண்டாம், நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே மனு போடலாம். கல்யாணத்தைப் பதிவு செய்யவில்லையே என்று பயப்படாதீர்கள். பத்திரிகை, தாலி கட்டிய போட்டோ, இருவர் பெயரும் உள்ள ரேஷன் கார்டு, மகளின் பிறப்புச் சான்றிதழ், இவை எல்லாம் சாட்சியம்தான். "நான் கூப்பிட்டேன், அவள் வரவில்லை" என்று அவர் சொன்னாலும் எடுபடாது. வேறொரு பெண்ணோடு வாழும் கணவரோடு இருக்க மறுப்பது நியாயமான காரணம் என்று அந்தப் பிரிவே சொல்கிறது.

மனுவோடு சேர்த்தே இடைக்கால ஜீவனாம்சமும் கேளுங்கள். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் கூடுமானவரை அதை முடிவு செய்ய வேண்டும். இருவரும் தங்கள் வருமானம், சொத்து, கடன் பற்றிப் பிரமாண வாக்குமூலம் தர வேண்டும் என்றும், மனு போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்காக வேண்டும் என்றும் 2020-ல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் உங்களுக்கு நஷ்டம் என்று நான் சொல்வது இதனால்தான். உத்தரவு வந்தும் பணம் வரவில்லையென்றால், தவணை தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் வசூல் மனு போட்டுவிட வேண்டும்.

பென்ஷன் உங்களுக்கு இப்போதைக்குக் கிடைக்காது. 30 வயது ஆகியிருக்க வேண்டும். கூடவே, கைவிடப்பட்டு ஐந்து வருடமாவது ஆகியிருக்க வேண்டும், இல்லையென்றால் கோர்ட் மூலம் பிரிந்திருக்க வேண்டும். உங்களுக்கு வயதே இன்னும் வரவில்லை. கைவிடப்பட்ட பெண் என்ற சான்றிதழுக்கு மட்டும் இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள்.

பலருக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. கைவிடப்பட்ட தாயின் பிள்ளைக்கு மிஷன் வாத்சல்யா நிதி ஆதரவுத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் தருகிறார்கள். கிராமப்புறத்தில் குடும்ப வருமானம் வருடத்துக்கு 72,000-க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுங்கள். விண்ணப்பிக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் கிடைத்துவிடுவதில்லை, அதனால் கொடுத்துவிட்டுத் தொடர்ந்து கேட்டபடி இருங்கள்.

வக்கீல் ஃபீஸுக்கு எங்கே போவேன் என்று கவலைப்படாதீர்கள். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, 1987-ஆம் வருடச் சட்டம் அதை உரிமையாகவே தந்திருக்கிறது. தர்மபுரியில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், போகும் முன் 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்குப் பேசினாலும் சரி. அவர் ஓட்டும் வண்டியின் நம்பர், எப்போதாவது ஜிபேயில் பணம் அனுப்பியிருந்தால் அதன் ஸ்கிரீன்ஷாட், இரண்டையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். வருமானமே இல்லை என்று அவர் சொல்லும்போது அவைதான் பேசும்.